பட்டினி அல்ல

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குக் கணையப் புற்றுநோய். இனி சிகிச்சையால் பலனில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோய்த்தணிப்பு நர்ஸ் வந்து பார்க்கிறார். நான்கு நாட்களாக அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை, எந்நேரமும் தூக்கம். “பட்டினி போட்டே கொல்றியா? ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்து” என்கிறார் சித்தி. நேரம் நெருங்கிவிட்டதா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அம்மாவைப் பட்டினி போடவில்லை. சாப்பிடாததால் உடல் அடங்குவதில்லை. உடல் அடங்கத் தொடங்கியதால்தான் பசி போய்விட்டது. இந்த நிலையில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வராது. கை கால் வீக்கமும் நெஞ்சுச் சளியும் கூடத்தான் வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு இப்போது தொந்தரவு வாய் வறட்சிதான். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடும் வேலையைச் சித்தியிடம் கொடுங்கள். அவருக்கும் அக்காவுக்காக ஏதாவது செய்தாக வேண்டும், பாவம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நாட்கள் குறைவு என்றே தோன்றுகிறது. தேதியை யாராலும் சொல்ல முடியாது. இனி சிறுநீர் குறைந்து நிறம் அடர்ந்து போகும். இறந்துபோன பாட்டியோடு அம்மா பேசலாம், மறுக்காதீர்கள். சிலர் திடீரெனத் தெளிந்து காபிகூடக் கேட்பார்கள். பிழைத்துவிட்டார் என்று வீடே துள்ளும். பெரும்பாலும் அது நீடிக்காது. பேச வேண்டியதை அப்போதே பேசிவிடுங்கள்.

கடைசி மணி நேரங்களில் கை கால் சில்லிடும், முழங்காலிலும் பாதத்திலும் ஊதாத் திட்டுகள் தெரியும். மூச்சு வேகமாக ஏறித் தணிந்து, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வரும். விழுங்க முடியாமல் தேங்கிய எச்சில்தான் அது. கேட்கும் நமக்குத்தான் வேதனை, பெரும்பாலும் அவருக்கு அது தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

அப்போது ஆளாளுக்குப் பால் ஊற்ற வருவார்கள். ஸ்பூனால் ஊற்றினால் பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பஞ்சில் நனைத்து உதட்டில் ஒரு துளி தொட்டு வைத்தால் போதும், சடங்குக்கும் குறைவில்லை.

முகம் சுளித்தாலோ முனகினாலோ வலியாக இருக்கலாம். நர்ஸை உடனே கூப்பிடுங்கள். வலி மருந்தான மார்ஃபின் கொடுக்கச் சொல்லியிருந்தால் பயந்து நிறுத்தாதீர்கள். சரியான அளவில் கொடுத்தால் அது மரணத்தை முன்னே இழுத்து வராது.

2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் வான்கூவரில் உள்ள ஒரு ஹாஸ்பிஸில் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) நினைவு தப்பிய நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். சிலருடைய மூளை அப்போதும் ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியது. அதனால் கட்டிலருகே சொத்துப் பேச்சும் காரியப் பேச்சும் வேண்டவே வேண்டாம். அம்மாவோடு பேசுங்கள்.

வெளியூரில் இருப்பவர்களை இப்போதே வரச் சொல்லுங்கள். அப்புறம், வீட்டிலேயே உயிர் பிரிந்தால் எந்த டாக்டர் வந்து பார்த்துச் சான்று தருவார் என்பதையும் நர்ஸிடம் நாளைக்கே கேட்டு வையுங்கள்.