பெக்ஸ்னிஃபியன்னா யாரைச் சொல்றாங்க?

கேள்வி: ஒரு இங்கிலீஷ் பேப்பர் தலையங்கத்துல ஒரு அரசியல்வாதியை 'பெக்ஸ்னிஃபியன்'னு எழுதியிருந்தாங்க. டிக்ஷனரில பாத்தா 'ஹிப்போகிரிட்டிக்கல்'னு வருது. ரெண்டும் ஒண்ணுதானா, ஐஇஎல்டிஎஸ் கட்டுரைல எழுதலாமா?

பதில்: ஒண்ணு இல்லீங்க. சொல்றது ஒண்ணு செய்றது ஒண்ணுன்னு இருக்குற யாரையும் ஹிப்போகிரிட்டிக்கல்னு சொல்லிடலாம், கையில சிகரெட்டோட பையனை பிடிக்காதடான்னு திட்டுற அப்பாவும் அதுல வந்துடுவாரு, ஆனா அவரைப் போய் பெக்ஸ்னிஃபியன்னு சொன்னா பாவம். அதுக்கு ஆளு நாள் பூரா ஒழுக்கம், அன்புன்னு உருகி உருகிப் பேசணும், அந்தப் பேச்சை வச்சே காசும் பாக்கணும்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1843-44ல மாசாமாசம் பகுதி பகுதியா வெளியிட்ட 'மார்ட்டின் சஸில்விட்' நாவல்ல செத் பெக்ஸ்னிஃப்னு ஒருத்தர் வருவாரு, இங்கிலாந்துல சாலிஸ்பரி பக்கத்து கிராமத்துல ஆர்க்கிடெக்ட், ஆனா ஒரு கட்டடம்கூட கட்டினதில்லை! தொழில் சொல்லித்தர்றேன்னு பசங்களை வீட்லயே தங்கவச்சு நல்லா ஃபீஸ் கறந்துட்டு, சாலிஸ்பரி கதீட்ரலை இந்தப் பக்கம் வரை அந்தப் பக்கம் வரைன்னு விட்டுடுவாரு, அந்தப் பசங்கள்ல ஒருத்தனான மார்ட்டின் போட்ட ஸ்கூல் டிசைனை தன்னோடதுன்னு சொல்லி பேரும் வாங்கிக்குவாரு. பொண்ணுங்களுக்கு வச்ச பேரு சேரிட்டி, மெர்சி. கணப்புல கை காயவைக்கிறப்பகூட அது வேற யாரோ கைங்கிற மாதிரி அவ்ளோ பரிவோட காய்வாராம், டிக்கன்ஸ் குசும்பு அது. ஊருக்கு வழி காட்டும் தான் போகாதுன்னு அவரை கைகாட்டி மரத்தோட ஒப்பிடுறவங்களும் உண்டுன்னு எழுதியிருக்காரு. படிக்கிறது ராமாயணம் இடிக்கிறது பெருமாள் கோயில்னு நாம சொல்றது கிட்டத்தட்ட இந்த ஆளைத்தான்.

ஐஇஎல்டிஎஸ்க்கு வேணாம்னுதான் சொல்வேன், கஷ்டமான வார்த்தையைத் தேடி ஒட்டவச்ச மாதிரி தெரியும். 'சாங்க்டிமோனியஸ்' போடுங்க, தான்தான் யோக்கியன்னு காட்டிக்கிறவங்களுக்கு அது சரியா பொருந்தும். லத்தீன்லேர்ந்து வந்த அந்த வார்த்தைக்கு முன்னாடி நிஜமாவே புனிதமானதுன்னுதான் அர்த்தம், 'தி டெம்பெஸ்ட்'ல கல்யாணச் சடங்கைப் பத்தி ஷேக்ஸ்பியர் அப்படித்தான் எழுதியிருக்காரு, அவரே 'மெஷர் ஃபார் மெஷர்'ல ஒரு கடல் கொள்ளைக்காரன் பைபிள்ல வர்ற பத்துக் கட்டளைப் பலகையோட கப்பலேறி 'திருடாதே'ங்கிறதை மட்டும் சுரண்டி எடுத்துட்டான்னு கிண்டலா அதே வார்த்தையைப் போட்டிருக்காரு.

பெக்ஸ்னிஃபியன்தான் வேணும்னா முதல் எழுத்து கேப்பிட்டல்ல வரணும், ஆள் பேர்லேர்ந்து வந்ததுல்ல. ஆபீஸ் மெயில்ல மேனேஜரைப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க, அவரும் டிக்ஷனரி பாப்பாரு.