முழங்கால் அடிக்கு இழப்பீடு: டிக்கெட் போடும் முன் இதைப் படிங்க

தம்பி, சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிஞ்சிருக்கு, கம்பெனியோ "ஊருக்குப் போய் வைத்தியம் பாரு, டிக்கெட் போடறோம்" என்கிறது, அதுதானே? இப்போதைக்கு விமானம் ஏறாதீங்க.

வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தில் தப்பு யார் மேல் என்ற கேள்வியே கிடையாது. நீங்களே கால் வழுக்கி விழுந்திருந்தாலும் வேலையில் விழுந்தது போதும். வக்கீலும் வேண்டாம். விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் கேட்கணும். கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கவில்லை என்றால் நீங்களே தெரிவிக்கலாம். வேலை பர்மிட்டை ரத்து செய்தாலும் உரிமை போகாது.

முதலில் கிளினிக் சீட்டை எடுத்துப் பாருங்க. கூடவே வரும் சூப்பர்வைசர் டாக்டரிடம் முந்திக்கொண்டு "தங்குமிடத்தில் வழுக்கிட்டான்" என்று சொல்லிவிடுவது இங்கே பழைய வித்தை. அப்படி எழுதியிருந்தால் உடனே டாக்டரிடம் திருத்தச் சொல்லுங்க. ஏணி, அந்த இடம் போட்டோ, பார்த்தவர் நம்பர், சம்பளச் சீட்டு எல்லாம் போனில் இருக்கட்டும்.

வெளிநோயாளி எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) என்றால் முதல் 14 நாளும், ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாளும் முழுச் சம்பளம், அதற்கப்புறம் மூன்றில் இரண்டு பங்கு. நிரந்தர ஊனத் தொகையை டாக்டரின் மதிப்பீடு வந்தபின்தான் கணக்கிடுவார்கள், அதனால் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீங்க.

சாப்பாட்டுக்கே திண்டாட்டம் என்றால் லிட்டில் இந்தியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 (TWC2) தொண்டு அமைப்பின் ஆட்களைப் பாருங்க.