மேனேஜருக்குப் பெரிய எழுத்து வேண்டுமா?

வணக்கம். ஆங்கில வேலை விண்ணப்பத்தில் 'மேனேஜர்', 'கம்பெனி', 'எக்ஸ்பீரியன்ஸ்' எல்லாவற்றுக்கும் மரியாதைக்காக முதலில் பெரிய எழுத்து (கேபிடல் லெட்டர்) போட்டதாகவும், நண்பர் அத்தனையையும் வட்டமிட்டுத் திருப்பித் தந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நண்பர் செய்தது சரிதான்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லாததால், முக்கியமாகத் தோன்றும் சொல்லுக்கெல்லாம் பெரிய எழுத்துப் போடக் கை தானாகப் போகிறது. ஆங்கிலத்தில் மரியாதை கணக்கில்லை. ஒருவருக்கோ ஒன்றுக்கோ உரிய தனிப்பெயரா என்று பாருங்கள். 'மேனேஜராக வேலை பார்த்தேன்' என்ற வாக்கியத்தில் அது வெறும் வேலை. சின்ன 'எம்' போதும். கடிதத்தின் மேலே முகவரியில் 'தி மேனேஜர்' என்று எழுதும்போது பெரிய 'எம்'. 'டாக்டர்' ஒருவர் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய 'டி'. 'டாக்டரைப் பார்த்தேன்' என்றால் சின்னது.

இதற்காக வருத்தப்படாதீர்கள். 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் வரியிலேயே 'பீப்பிள்', 'ஆர்டர்', 'யூனியன்' எல்லாம் பெரிய எழுத்தில்தான் தொடங்குகின்றன. அன்றைய வழக்கம் அது. ஜெர்மன் மொழியில் இன்றும் பெயர்ச்சொற்கள் அப்படித்தான்.

அப்புறம், கிழமை, மாதம், மொழிப் பெயர்களுக்குப் பெரிய எழுத்து உண்டு. 'சம்மர்', 'பிசிக்ஸ்' சின்னது. 'நான்' என்னும் 'ஐ' எங்கே வந்தாலும் பெரியது.

கடைசியில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' எழுதுவீர்கள் அல்லவா? அதில் 'ஒய்' மட்டும் பெரியது, 'எஃப்' சின்னது. அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.