ஆமைக்குட்டி வாங்கிவிட்டேன், கேஸ் வருமா?

கேள்வி: இரண்டு மாதம் முன்பு ஆன்லைனில் அறிமுகமான ஒருவரிடம் உள்ளங்கை அளவு ஆமைக்குட்டி வாங்கினேன். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். "பண்ணையில் பிறந்தது, பேப்பர் எதுவும் தேவையில்லை" என்றார். ஆமை வளர்ப்பது இதுதான் முதல் முறை. சரியாகத் தின்னவில்லையே என்று கால்நடை மருத்துவரிடம் காட்டினால், "இதை வைத்திருப்பதே குற்றம்" என்கிறார். பேசாமல் பக்கத்துக் குளத்தில் விட்டுவிடலாமா?

பதில்: முதலில் குளத்தை மறந்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் நட்சத்திர ஆமையுடையது. அது தரையில் வாழும் பிராணி. ஆழமான தண்ணீரில் விட்டால் மூழ்கிச் செத்துவிடும். நண்பரிடம் தள்ளிவிடுவதும் கூடாது. அவரும் உங்களோடு சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

மருத்துவர் சொன்னது சரிதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. புலி இருப்பதும் அதே அட்டவணையில்தான். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்பீர்கள். சட்டவிரோதமாகப் பிடித்த வனவிலங்கு பிரிவு 39இன்படி அரசின் சொத்து. விற்றவருக்கே உரிமை இல்லாதபோது உங்களுக்கு எங்கிருந்து வரும்? பிரிவு 57 இன்னும் கடுமை. ஆமை உங்களிடம் இருந்தது என்று நிரூபணமானால் போதும், அது முறையாக வந்ததுதான் என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. "பண்ணையில் பிறந்தது" என்ற வாய்ப்பேச்சு கோர்ட்டில் காலணா பெறாது.

இப்படிக் கைக்கு வந்ததை 48 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ வனத்துறைக்கோ தெரிவித்திருக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டது, சரி. அதற்காக இன்னும் தள்ளிப்போடாதீர்கள். வழக்கே வராது என்று நான் உறுதி தர மாட்டேன், தருகிறவரை நம்பவும் வேண்டாம். ஆனால் தானாக வந்து ஒப்படைத்தவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் யாரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

ஒரு வக்கீலை அழைத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போங்கள். எப்போது, யாரிடம், எப்படி வாங்கினீர்கள், மருத்துவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது என்பதையெல்லாம் மனுவாக எழுதிக் கொடுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பணம் அனுப்பிய ரசீது, விற்றவரோடு நடந்த சாட் எதையும் பயந்துபோய் அழித்துவிடாதீர்கள். நீங்கள் வாங்கியவர்தான், கடத்தியவர் அல்ல என்று காட்ட உங்களிடம் இருப்பது அவ்வளவுதான்.

ஆமை வளர்க்கும் ஆசை அப்புறமும் இருந்தால், இந்திய இனங்கள் பக்கமே போகாதீர்கள். சல்காட்டா போன்ற வெளிநாட்டுத் தரை ஆமைகள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. முறையான ஆவணத்தோடு வாங்கி, 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.