தூண்டல் வெப்பம்: கடலோரப் பட்டறைகளிலிருந்து வந்த கேள்விகள்

மண்டபம்: விசைப்படகு பேரிங்கை கேஸ் தீயில் சுட்டு ஷாஃப்டில் ஏற்றுகிறோம். டிரான்ஸ்ஃபார்மர் முறையில் சுடும் சாதனத்தை நாமே செய்யலாமா?

செய்யலாம். தூண்டல் வெப்பம் என்பது இதுதான்: மாறும் காந்தப்புலத்தால் உலோகத்துக்குள்ளேயே மின்னோட்டம் ஓடவிட்டுச் சுடுவது. தீயை இன்றே நிறுத்துங்கள். 125 டிகிரியைத் தாண்டினால் பேரிங் இரும்பின் கடினமும் அளவும் மாறத் தொடங்கும், தீயில் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது.

இதில் பேரிங்தான் செகண்டரி (மின்னோட்டம் தூண்டப்படும் பக்கம்). ஒரே சுற்று, அதுவும் ஷார்ட் ஆன சுற்று. 50×50 மி.மீ. குறுக்களவுள்ள 'ப' வடிவ கோர் (காந்தம் ஓடும் இரும்புச் சட்டம்), மேலே பேரிங்கை மாட்டக் கழற்றக்கூடிய குறுக்குக் கட்டை, இரண்டும் ஸ்டாம்பிங் தகடு அடுக்கியவை. கட்டி இரும்பு போட்டால் பேரிங்கோடு அதுவும் சுடும். காந்த அடர்த்தி 1.2 டெஸ்லா என்று வைத்தால் சுற்றுக்கு 0.63 வோல்ட் வரும். 230 வோல்ட் இணைக்கும் பிரைமரிக்கு (கோரில் சுற்றும் கம்பிச் சுருள்) ஏறக்குறைய 365 சுற்று. பெரிய பேரிங் மாட்டினால் 8–10 ஆம்பியர்கூட இழுக்கும், ஆகவே 15 கேஜ் கம்பி வேண்டும். முதல் சோதனையைச் சீரிஸ் விளக்கு (மின் இணைப்பில் தொடராகப் போடும் குண்டு பல்பு) போட்டே செய்யுங்கள்.

2 கிலோ பேரிங்கை 30-லிருந்து 110 டிகிரிக்கு ஏற்ற சுமார் 74,000 ஜூல் போதும். பேரிங்குக்குள் 500 வாட் இறங்கினால் இரண்டரை நிமிடம். 60 மி.மீ. துளை அதற்குள் 0.058 மி.மீ. விரியும், பெரும்பாலான இறுக்கப் பொருத்தத்துக்கு இது தாராளம். வெப்பமானியை உள்வளையத்தில் வையுங்கள், அதுதான் முதலில் சுடும். வெளிவளையம் 35 டிகிரிக்கு மேல் பின்தங்கினால் நிறுத்தி நிறுத்தி ஏற்றுங்கள். இல்லையென்றால் உருளைகள் நெருக்கிப் பள்ளம் விழும். கிரீஸ் அடைத்து மூடிய பேரிங் என்றால் 80 டிகிரியோடு சரி.

குறுக்குக் கட்டை இல்லாமல் ஒருபோதும் சுவிட்ச் போடாதீர்கள். காந்தப் பாதை அறுந்தால் பிரைமரி அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்துக் கருகும். நம் உப்புக் காற்றில் கட்டை உட்காரும் முகங்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தத் துருவே இடைவெளியாகி இரைச்சலும் மின்னோட்டமும் கூடும். வேலை முடிந்ததும் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசுங்கள்.

சுட்ட பேரிங்கில் காந்தம் தங்கிவிட்டால் இரும்புத் தூளை இழுத்து வைத்துக்கொண்டு தேயும். வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மின்னழுத்தத்தை மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறக்கினால் காந்தம் போய்விடும். குண்டூசி ஒட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சுவிட்ச் போடும் முன் மோதிரம், காப்பு எல்லாம் கழற்றுங்கள். விரலில் உள்ள மோதிரமும் ஷார்ட் ஆன ஒரு சுற்றுதான்.

கீழக்கரை: 12 வோல்ட் இசட்.வி.எஸ். போர்டு (சுருளில் இரும்பை நுழைத்துச் சுடும் சிறு தூண்டல் சர்க்யூட்) வாங்கினேன். சுவிட்ச் போட்டதும் மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) வெடிக்கிறது.

பவர் சப்ளையையும் போர்டையும் ஒரே சுவிட்சில் போடுகிறீர்கள் என்று நினைக்கிறோம். மின்னழுத்தம் மெல்ல ஏறும்போது இரண்டு மாஸ்ஃபெட்டும் சேர்ந்து பாதித் திறந்து நிற்கும். அலைவு தொடங்காது, முழு மின்னோட்டமும் அவற்றின் வழியே போகும். சப்ளையை முதலில் போட்டு 12 வோல்ட் நிலைத்த பிறகு, ரிலே வழியாகப் போர்டை இணையுங்கள். சுருளில் இரும்பை அதற்கப்புறம்தான் நுழைக்க வேண்டும். தடித்த கம்பியை நுழைத்து சப்ளை 12-லிருந்து தொய்ந்தாலும் இதே கதிதான், ஆகவே 20 ஆம்பியருக்குக் குறையாத சப்ளை தேவை. இன்னொன்று: மாஸ்ஃபெட்டின் டிரெயின் என்ற முனையில் வரும் உச்ச மின்னழுத்தம் சப்ளையைப் போல் 3.14 மடங்கு. 24 வோல்ட்டுக்கு மாறினால் 75 வோல்ட் வரும், 60 வோல்ட் மாஸ்ஃபெட் தாங்காது.

பாம்பன்: சுருளைக் குளிர்விக்க போர் தண்ணீர் ஓட்டலாமா?

வேண்டாம். நம் பக்கத்து உவர் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்புக் குழாய்க்குள் உப்புப் படிந்து அடைக்கும். கடல் நீர் செம்பையே அரிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரை 10 லிட்டர் வாளியில் வைத்துச் சிறு பம்பால் சுற்ற விடுங்கள். தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகே மின்சாரம். குழாய் வெற்றாக இருப்பதால் இழப்பில்லை: 100 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.2 மி.மீ. ஆழத்தில்தான் ஓடுகிறது.

தொண்டி: துருப்பிடித்து இறுகிய நட்டைத் தூண்டல் சுருளால் கழற்ற முடியுமா?

இரும்பு நட்டு என்றால் நன்றாக வரும். சுருளை நட்டைச் சுற்றி மட்டும் வைத்து 10–15 விநாடிகள் சுடுங்கள். போல்ட்டும் சுடுவதற்குள் ஸ்பானர் போட வேண்டும், இரண்டும் சேர்ந்து விரிந்தால் பயனில்லை. ஃபைபர் படகில் அருகிலுள்ள ரெசின் இளகும், ஈரத்துணி சுற்றுங்கள். டீசல் கசிவு இருந்தால் தொடவே வேண்டாம். பித்தளை நட்டு இந்தச் சுருளுக்குச் சரியாகச் சுடாது.

ராமேசுவரம்: இன்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியச் சட்டி ஏன் சுடுவதில்லை? மண்சட்டிக்கு வழி உண்டா?

அலுமினியத்திலும் மின்னோட்டம் தூண்டப்படும். ஆனால் அடுப்பின் அதிர்வெண்ணில் அதன் மேற்பரப்புத் தடை இரும்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் குறைவு, வெப்பம் பிறக்காது. அடுப்பும் அதைப் பாத்திரமாக எண்ணாமல் நின்றுவிடும். மண்சட்டியில் மின்னோட்டமே ஓடாது. அடியில் இரும்புத் தட்டு வைக்கச் சொல்வார்கள். தட்டின் சூடு அடுப்பின் கண்ணாடிக்கு இறங்கி விரிசல் விடலாம். மீன் குழம்புக்கு விறகோ கேஸோ போதும்.