வயோக்ஸ் வலி மாத்திரையை ஏன் சந்தையிலிருந்து எடுத்தார்கள்?

மூட்டுவலிக்கு எழுதிக்கொடுத்த வயோக்ஸ், அதாவது ரோஃபெகாக்ஸிப், வயிற்றை அதிகம் புண்ணாக்காது என்றுதான் பேர் வாங்கியது. சிக்கலும் அங்கேதான். அது வலி, வீக்கத்தைத் தூண்டும் காக்ஸ்-2 நொதியை மட்டும் அடக்கும்; வயிற்றைக் காக்கும் காக்ஸ்-1 நொதியைத் தொடாது. ஆனால் ரத்தம் உறையாமல் காக்கும் புரோஸ்டாசைக்ளின் என்ற பொருளும் காக்ஸ்-2 நொதியால்தான் பெரும்பாலும் உருவாகிறது. புரோஸ்டாசைக்ளின் குறைய, ரத்தத்தை உறைய வைக்கும் திராம்பாக்ஸேன் மட்டும் குறையாமல் நிற்கும்; ரத்தக்கட்டால் மாரடைப்பு வரும் ஆபத்து கூடும்.

2000-இல் நாப்ராக்ஸன் என்ற வேறொரு வலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்விலேயே மாரடைப்பு கூடுதலாகத் தெரிந்தது. வயோக்ஸ் கூட்டவில்லை, நாப்ராக்ஸன்தான் இதயத்தைக் காத்திருக்கும் என்றது வயோக்ஸைத் தயாரித்த மெர்க் நிறுவனம். அந்தச் சமாதானத்தை ஏற்று ஆண்டுக்கணக்கில் விற்க விட்டது பெரும் தவறு.

பிறகு மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில், தினமும் 25 மி.கி. எடுத்தவர்களுக்கு 18 மாதத்துக்குப் பின் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பானது. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் மருந்தைத் திரும்பப் பெற்றது.

இதய நோயாளிகளுக்கு எட்டோரிகாக்ஸிப், டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரைகளும் ஆகாது. கடையில் நேரடியாகக் கேட்டு வாங்காதீர்கள்.