ஸ்ப்ரே பெயின்டிங்கில் ஏர் ஃபில்டர்: கேள்வி பதில்

கேள்வி: ஏர் லைனில் (கம்ப்ரசரில் இருந்து ஸ்ப்ரே கன்னுக்குக் காற்று வரும் குழாய்) 5 மைக்ரான் ஃபில்டர் இருக்கிறது (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனாலும் பெயின்ட் அடித்த இடத்தில் சின்னச் சின்னக் குழி விழுகிறது. 1 மைக்ரானுக்கு மாறலாமா?

பதில்: மைக்ரானை அப்புறம் பார்ப்போம், முதலில் குழியைப் பாருங்கள். நடுவில் தூசி எதுவும் இல்லாமல், பெயின்ட் வட்டமாக விலகி அடிப்பரப்பு தெரிகிறதா? அப்படியென்றால் எண்ணெய் அல்லது சிலிக்கோன் வேலை. கம்ப்ரசர் எண்ணெய் பெருந்துளியாக, புகைபோன்ற நுண்துளியாக, ஆவியாக என மூன்று விதமாக வரும். பெருந்துளியை செப்பரேட்டர் பிடிக்கும். நுண்துளிக்கு 0.01 மைக்ரான் கோயலெசிங் ஃபில்டர், அதாவது நுண்துளிகளை ஒன்றுசேர்த்துப் பெரிய துளியாக்கி வடிக்கும் ஃபில்டர் வேண்டும். ஆவி இரண்டுக்கும் டிமிக்கி கொடுத்துவிடும். அதற்கு ஆவியை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பன்தான். கார்பனைக் கடைசியில் வையுங்கள், துளி பட்டால் சீக்கிரம் வீணாகிவிடும். காசைச் செலவழிக்கும் முன் ஒரு சோதனை: பெயின்ட் ஊற்றாத சுத்தமான கன்னில் இருந்து காற்றை மட்டும் துடைத்த கண்ணாடிமேல் சில நிமிடம் அடியுங்கள். மங்கல் படிந்தால் கோளாறு லைனில். படியாவிட்டால், பொருளைத் துடைத்த துணிமேலும் ஒரு கண் வையுங்கள். நான் பார்த்தவரை பாதிப் பஞ்சாயத்து அந்தத் துணியில்தான் முடியும்.

கேள்வி: கம்ப்ரசரை ஒட்டியே ஃபில்டர் வைத்தும் ஹோஸில் தண்ணீர் வருகிறதே?

பதில்: ஒட்டி வைத்ததுதான் சிக்கல். அங்கே காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டி, குழாயில் ஆறியதும் தண்ணீராகிறது. ஏழெட்டு மீட்டராவது தள்ளி, கன் பக்கமாக வையுங்கள். ஈரக்காற்று அதிகமென்றால் காற்றை உலர்த்தும் ட்ரையரும் தேவை.

கேள்வி: அரை அங்குல ஃபில்டர் போதுமா?

பதில்: அது இணைப்பின் அளவு மட்டுமே. கன் எத்தனை சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) இழுக்கும் என்று பாருங்கள். ஃபில்டரில் போட்டிருக்கும் சிஎஃப்எம் பெரும்பாலும் 7 பார் அழுத்தத்துக்கானது; அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டினால் அவ்வளவு காற்றைத் தாங்காது.

கேள்வி: பூத் எக்ஸாஸ்ட் ஃபில்டரை (பெயின்ட் அடிக்கும் அறையிலிருந்து காற்று வெளியேறும் இடத்தில் உள்ளது) எப்போது மாற்றுவது?

பதில்: நிறத்தைப் பார்த்து வேண்டாம். புதிது போட்ட அன்றே மேனோமீட்டர் (ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் கருவி) அளவைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் சொன்ன எல்லை வந்ததும் மாற்றுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் என்றால் கழற்றியதைக் குவித்து வைக்காதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊறவைத்து, மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டுக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள்.

கேள்வி: அந்த ஃபில்டர் புதிதாக இருந்தால் மாஸ்க் தேவையில்லைதானே?

பதில்: கட்டாயம் தேவை. அது பெயின்ட் துகளைத்தான் பிடிக்கும். தின்னர் ஆவி அதன் வழியே தாராளமாகப் போகும். அதுவும் உங்கள் மூக்கைத் தாண்டிய பிறகு.